வாழை நாரும் காஸ்டிக் மிஸ்ஸும்

கொடைக்கானலில் ஏரித் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காஸ்டிக் மிஸ் ஒரு தடவையாவது உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்திருக்கிறார் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். தங்கள் வீட்டு மேஜையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது அவருக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தவர். மாணவிகள் அவருடைய நாக்கைப் பார்த்து வைத்த பெயர்தான் காஸ்டிக் மிஸ். தொட்டால் தோலை அரிக்கும் நிஜமான காஸ்டிக் சோடாவோடு அவர் குடித்தனம் நடத்த ஆரம்பித்தது அதற்கு ரொம்பப் பின்னால். அப்படியென்றால் அந்தப் பிள்ளைகளுக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்கிறது.

நான் அப்போது நாயுடுபுரத்தில் ஒரு சின்ன ஃபைபர் ஒர்க்‌ஷாப்பில் ஆபீஸ் வேலையில் இருந்தேன். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு போன், நான். குப்பைத்தொட்டி, பார்க்கில் பிள்ளைகள் விளையாடும் சறுக்கு, பெடல் படகுக்கு சீட் என்று எல்லாம் செய்வோம். கண்ணாடி நாரை அச்சில் விரித்து, அதன்மேல் ரெசின் என்கிற பிசினை ஊற்றித் தேய்த்து, இறுகியதும் கழற்றி எடுப்பதுதான் தொழில். முதலாளி அந்தோணி அண்ணன் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அவருடைய மகள் மிஸ்ஸிடம் படித்தவள். பெற்றோர் கூட்டங்களில் வாங்கிக் கட்டிக்கொண்ட பழக்கம் போகாமல், மிஸ்ஸைக் கண்டால் அண்ணன் தன் சொந்தக் கடையிலேயே எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் மிஸ்ஸின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் யாரோ ஒரு பெண் தலைமுடியை விரித்துப்போட்டுக் கவிழ்ந்து கிடப்பதுபோல் இருந்தது. நான் பதறிப்போய் ஓடினேன். பார்த்தால் அது ஒரு கட்டு வாழை நார்.

பாச்சலூர்ப் பக்கம் ஒரு மாணவி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். தார் வெட்டிய வாழைமரங்கள் தோட்டத்தில் சும்மா கிடந்து அழுகுவதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பள்ளி லேபில் பாடத்தை நிறுத்திவிட்டு நாரை வேகவைத்திருக்கிறார். தலைமை ஆசிரியை பொறுமையாகக் கூப்பிட்டு, நாரா வகுப்பா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். அந்த வாக்கியம் முடிவதற்குள் மிஸ் கேட்டைத் தாண்டிவிட்டார் என்று ஊரில் பேச்சு.

கண்ணாடி நார் இருக்கும்போது வாழை நார் எதற்கு என்று அண்ணன் பயந்துகொண்டே கேட்டார். மிஸ் எங்கள் கண்ணாடி நாரை ஒரு கை அள்ளிப் பார்த்தார். அவ்வளவுதான். அது உடைந்து தோலில் ஏறினால் எப்படி அரிக்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க மிஸ் சொறிந்துகொண்டே இருந்தார். பிறகு கண்ணாடி நாரைச் சொந்தப் பகையாகவே எடுத்துக்கொண்டார். மனுஷன் தொடுகிற பொருளை முள்ளால் செய்வார்களா என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார். அண்ணன் ஒர்க்‌ஷாப்பின் பின்கொட்டகையை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட, மிஸ் உள்ளே போனார், அண்ணன் வழிவிட்டார் என்பது சரி.

வாழை நாரை விரித்து ரெசினை ஊற்றி முதல் பலகை வந்தது. பார்க்க அழகாக இருந்தது. மிஸ் அதை முழங்காலில் வைத்து மடக்கினார். படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த வாயில் நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மிஸ் ஒன்றைப் பிடித்து இழுத்தார். குழம்பில் கிடக்கும் முருங்கைக்காயிலிருந்து நாரை உருவுவதுபோல் அது வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. ரெசின் ஒரு பக்கம், நார் ஒரு பக்கம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"ஏன் அந்தோணி, எண்ணெய் வழியிற நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா?"

அண்ணன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நிக்காது மிஸ்."

"இந்த நார் மேல மெழுகு இருக்கு, பசை இருக்கு. அதப் போக்காம ரெசின ஊத்துனா எப்படிப் பிடிக்கும்? கண்ணாடி நாருக்குக் கம்பெனிக்காரனே மேல ஒரு பூச்சு பூசி அனுப்பிர்றான். வாழைமரத்துக்கு யாரு பூசுவா?"

யார் பூசினார்களோ இல்லையோ, அன்றிலிருந்து எங்கள் நிம்மதி போயிற்று. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதில் நாரை ஊறவைக்க வேண்டும். மேலே இருக்கும் மெழுகும் பசையும் கரைந்து, நாரின் மேல்புறம் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில்தான் ரெசின் போய்ப் பற்றும். கேட்க எளிது. முதல் தடவை மிஸ் ஆர்வத்தில் சோடாவை அள்ளிக் கொட்டிவிட்டார். மெழுகோடு சேர்ந்து நாரின் உயிரும் போய்விட்டது. தொட்டால் சேமியா மாதிரி முறிந்தது. அடுத்த தடவை பயந்து குறைத்துப் போட்டார். மெழுகு அசையவே இல்லை. இப்படிக் கூட்டியும் குறைத்தும், நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழங்கை வரை ரப்பர் கையுறையோடு அந்தக் கொட்டகைக்குள் அவர் நடந்துகொண்டே இருந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட நடந்துகொண்டேதான் பிரிப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் போயிற்று.

ஊறிய நாரில் சோடா மிச்சம் நிற்கக் கூடாது. அதை முறிக்க வினிகர் தண்ணீரில் அலச வேண்டும். சீசன் நேரத்தில் மிஸ் கடை கடையாகப் போய் இருந்த வினிகரையெல்லாம் வாங்கிவிட்டார். ஏரிக்கரை நூடுல்ஸ் கடைக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். மிஸ் அவர்களுக்கு எலுமிச்சம்பழத்தின் சிறப்பை எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அலசியாயிற்று. இனிக் காய வேண்டும். அங்கேதான் கொடைக்கானல் எங்களைப் பிடித்துக்கொண்டது. நாரில் துளி ஈரம் இருந்தாலும் ரெசின் ஒட்டாது. இந்த ஊரிலோ துவைத்துப் போட்ட கைக்குட்டை காய்வதற்கே ஜெபம் பண்ண வேண்டும். மிஸ் வெயிலைத் துரத்த ஆரம்பித்தார். ஏழுரோட்டில் வெயில் அடிக்கிறது என்று யாராவது போன் பண்ணினால் ஈரக் கட்டோடு ஸ்கூட்டர் அங்கே பறக்கும். போய்ச் சேர்வதற்குள் மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மலைப்பனி வந்து மூடியிருக்கும். சர்ச் காம்பவுண்டில் துணி காயப்போடும் கொடியில் ஒரு நாள் விரித்துவிட்டார். ஃபாதர் பின்பக்கமாக வந்து, யாரோ பெண்கள் மொட்டை போட்டு முடியைக் காயவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, இது பழனியில்லையே அம்மா என்றாராம். பேக்கரி அடுப்புச் சூட்டில் காயவைத்தார். மறுநாள் பன்னுக்குள் நார் இருந்தது. அந்த பேக்கரி வாசலை அதற்கப்புறம் மிஸ் மிதிக்கவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் காட்டுமாடு. வேலியோரம் விரித்திருந்த நாரை மேய வந்த ஒன்று, பிடிக்காமல் தலையை உதறியதில் கட்டு முழுவதும் கொம்பில் சுற்றிக்கொண்டது. தலைநிறைய முடியோடு அது நாயுடுபுரம் மெயின் ரோட்டில் கல்யாணப்பெண் மாதிரி நடந்து போக, பத்திரமான தூரத்தில் மிஸ் பின்னாலேயே அதை வைதுகொண்டு போனார். டூரிஸ்ட்டுகள் இரண்டு பேரையும் படம் எடுத்தார்கள்.

இவ்வளவையும் ஊர் வேடிக்கையாகத்தான் பார்த்தது. நானும் அப்படித்தான் பார்த்தேன், பொன்னையா அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

பொன்னையாதான் எங்களுக்கு நார் கொண்டுவருகிறவர். பாச்சலூருக்கு மேலே, ஜீப் ரோடு முடிந்த பிறகும் வெகுதூரம் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டிய ஊர் அவருடையது. மலைவாழையும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும் வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, சுவரோரம் சாய்த்திருந்த மிஸ்ஸின் பலகைகளில் நீளமான ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். திரும்பவும் தூக்கிப் பார்த்தார்.

"மிஸ், இதுல ஒரு ஆளப் படுக்கப்போட்டுத் தூக்கியாரலாங்களா?"

எதற்கு என்று மிஸ் கேட்டார். பொன்னையா அவசரப்படாமல் சொன்னார். அவருடைய அண்ணன் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவர்கள் ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் போர்வையைக் கம்பில் கட்டி அதில் உட்காரவைத்துத்தான் இறக்குவார்கள். அந்த அண்ணனையும் அப்படித்தான் இறக்கினார்கள். வழியெல்லாம் முதுகு போர்வைக்குள் வளைந்து வளைந்து வந்திருக்கிறது. விழுந்த உடனே காலை அசைத்தவர், ஜீப்பில் ஏற்றும்போது அசைக்கவில்லை.

"வளையாத பலகை ஒண்ணு இருந்திருந்தா எந்திரிச்சு நடந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாருங்க. இப்ப வீட்டோட கெடக்காரு. மரப்பலகை வெச்சுப் பாத்தோம், அந்த எறக்கத்துல கனம் தாங்கல."

 மிஸ் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். பிறகு, அடுத்த வாரம் வாங்க என்று மட்டும் சொன்னார்.

அதுவரை அவர் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது. விடிவதற்கு முன்பே எனக்குப் போன் வரும். ரோஸி, வெளியே எட்டிப் பார், மஞ்சு இருக்கா என்பார். என் வீட்டு வாசலுக்கு வரும் மஞ்சுக்கு நான் காவல்காரி. ஓரங்களில் கைப்பிடித் துளை வைத்து, ஆளைக் கட்ட வார் வைத்து, ஆள் நீளத்தில் ஒரு பலகை செய்து முடித்தார். பொன்னையாவும் அவர் ஊர்க்காரர்களும் வந்தார்கள். யாரைப் படுக்கவைத்துப் பார்ப்பது என்று அண்ணன் கேட்டு வாய் மூடுவதற்குள் மிஸ் படுத்துவிட்டார்.

நெஞ்சோடு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, நாயுடுபுரம் ஏற்றத்தில் தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். சும்மா போகக் கூடாதாம். மலைப்பாதையில் போவதுபோல் குலுக்கிக்கொண்டு போக வேண்டுமாம். நாலு பேர் தூக்க, ஒருத்தர் முன்னால் போக, நானும் அண்ணனும் பின்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த டூரிஸ்ட் வேன் ஓரம்கட்டி நின்றது. டிரைவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அப்போது, "இன்னுங் கொஞ்சம் வெரசாப் போங்க" என்று சவம் பேசியது. வேனுக்குள் கேட்ட அலறலை நான் விவரிக்கப்போவதில்லை.

வளைவில் திரும்பும்போது பலகைக்குள்ளிருந்து அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. தூக்கியவர்கள் நிற்பதற்குள் அடுக்கு அடுக்காகப் பிரிந்து நடுவில் ஒடிந்தது. மிஸ் இடுப்பு அடிபட ரோட்டில் விழுந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் கையைத் தட்டிவிட்டு, ஒடிந்த வாயிலிருந்து ஒரு நாரைப் பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது.

"பாரு ரோஸி, உருவிட்டு வருது. ஈரம். எங்கயோ ஈரத்த உள்ள விட்டுட்டேன்."

பொன்னையா உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ரோட்டோரம் வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மிஸ் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் மறுநாள் வெள்ளனே, நொண்டிக்கொண்டே, சாக்கு சாக்காக நாரோடு அவர் பழனி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மலையடிவாரத்தில் பாலசமுத்திரத்தில் அவருடைய சித்தி மகள் வீடு இருக்கிறது. அங்கே அடிக்கிற வெயிலுக்கு மொட்டைமாடியில் அப்பளம் காயப்போட்டால் தானே பொரிந்துவிடும். அலசிய நாரைத் தட்டுத் தட்டாக விரித்துவிட்டுப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு மிஸ் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருந்தார் என்று அவர் சொன்னார். மாடி முழுக்க நடந்துகொண்டே இருந்தாள், கீழே எங்களுக்குத் தலை கிறுகிறுத்தது என்று சித்தி மகள் சொன்னார். காய்ந்ததைச் சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டி, சாக்கில் கட்டி மறுபடியும் பஸ். நடுவழியில் கண்டக்டர் ஒரு சாக்கைப் பிரித்துப் பார்க்கப் போய், காற்றுப் படக்கூடாது என்று மிஸ் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, கண்டக்டர் உள்ளே என்னமோ ஏதோ என்று மிரண்டுபோய் அவரைச் சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டார். அங்கிருந்த காவலருக்கு மிஸ் நாரின் மெழுகைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறார். அவரே அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டாராம்.

கொட்டகை ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்து, ஹீட்டர் போட்டு, உள்ளே எங்களை வேகவைத்து அடுத்த பலகை பிறந்தது. அதோடு சேர்த்துச் செய்த ஒரு துண்டை மிஸ் கல்லில் வைத்து மிதித்தார். ஒடியவில்லை. அண்ணனை ஏறி நிற்கச் சொன்னார். ஒடியவில்லை. கடைசியில் சம்மட்டியால் அடித்து ஒடித்துவிட்டு, ஒடிந்த வாயைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். நார் ஒன்றுகூட நீட்டிக்கொண்டு இல்லை. ரெசின் உடைந்த இடத்திலேயே நாரும் அறுந்திருந்தது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

மிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார். ஒடிந்துபோனதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. உருவிக்கொண்டு வராமல் அறுந்து வந்தால் நாரை ரெசின் விடாமல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என நான் விளக்கினேன். அந்த அறிவு எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று எனக்கே தெரியவில்லை.

பொன்னையா பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். மிஸ்ஸுக்கு அப்போதும் நிம்மதி இல்லை. மழையில் வைக்காதீங்க, அடுப்புப் பக்கம் வைக்காதீங்க என்று அவருக்குப் போன் பண்ணிக்கொண்டே இருப்பார்.

மழைக்காலத்தில் ஒரு காலை பொன்னையாவே ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். மச்சினன், மரம், பலகை என்று மூன்று வார்த்தை காதில் விழுந்தது. லைன் போய்விட்டது. அதற்கப்புறம் எவ்வளவு அடித்தும் கிடைக்கவில்லை.

அண்ணன் வேனை எடுத்தார். அந்த ஊர்க்காரர்களை எப்போதும் கொண்டுபோகிற ஆஸ்பத்திரி ஒட்டன்சத்திரத்தில்தான் என்பதால் தாண்டிக்குடி வழியாக இறங்கினோம். வழியெல்லாம் மிஸ் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். வேகமாகப் போகச் சொன்னார், உடனே, வழுக்கும், மெதுவாகப் போ என்றார். வலது ஓரத்தில் கடைசி அடுக்கு போடும்போது யாராவது ஜன்னலைத் திறந்தோமா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் அதையே கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி வழியில பிரிஞ்சிருந்தா என்ன பண்ணுவாங்க ரோஸி? நம்பி எடுத்துட்டுப் போயிருப்பாங்களே."

நான் அவர் கையை விடவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்னையா நின்றுகொண்டிருந்தார். சேறு இடுப்பு வரை இருந்தது. எங்களைப் பார்த்ததும் நடந்து வந்தார். மச்சினன் மிளகுக்கொடியைக் கட்ட மரத்தில் ஏறி வழுக்கி விழுந்திருக்கிறார். பொன்னையாவின் அண்ணனுக்கு ஆனதை நினைத்து, யாரும் தூக்கி உட்காரவைக்காமல், படுத்தபடியே பலகையில் ஏற்றிக் கட்டி இறக்கியிருக்கிறார்கள். ஓடையில் தண்ணீர் போனதால் பாறைமேல் ஏறிச் சுற்றி வந்தார்களாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை டாக்டரும் அவரைப் பலகையை விட்டு எடுக்கவில்லை. முதுகெலும்பில் விரிசல்.

மிஸ் உதடு மட்டும் அசைந்தது. பொன்னையா புரிந்துகொண்டார்.

"கால் பெருவெரலு ஆடுதுங்க மிஸ். நான் பாத்தேன். ரெண்டு காலும் ஆடுது."

மிஸ் நேராக உள்ளே போனார். கட்டிலில் கிடந்தவரிடம் பலகை எங்கேயாவது குத்தியதா என்று கேட்டார். இல்லைங்க என்று அவர் சொன்னதும், மழையில் மரம் ஏறலாமா என்று ஆரம்பித்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைவதுபோல் வைதார். நர்ஸ் வந்து அவரை வெளியே அனுப்பிவைத்தார். வெளியே குழாயடியில் போய் மிஸ் முகம் கழுவினார். துடைத்தார். திரும்பவும் கழுவினார். ரொம்ப நேரம் அப்படிக் கழுவிக்கொண்டே நின்றார். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் போய்க் குழாயை மூடினேன்.

அந்த மச்சினன் சில மாதங்கள் இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார். இப்போது நடக்கிறார். மரம் மட்டும் ஏறுவதில்லை. மிஸ்ஸிடம் உள்ள பயம் என்கிறார்கள்.

மிஸ் இப்போது பாச்சலூரில் இருக்கிறார். அங்கே வெயில் தேவலை, நாரும் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட்டார். பழைய அச்சுகளை அண்ணன் கொடுத்தனுப்பினார். சுற்றுவட்டாரத்தில் ரோடு போகாத ஊர்களிலெல்லாம் இன்று ஒரு பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. நான் ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு எழுத வந்துவிட்டேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பிளம் கேக்கும் வாங்கிக்கொண்டு போனேன். கேக்கை ஒரு மூலையில் வைத்துவிட்டு, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் என் கையில் ஒரு கட்டு நாரையும் சீப்பையும் கொடுத்தார். சாயங்காலம் வரை சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்த சிக்கு சரியில்லை என்று மூன்று பேர் முன்னால் சொன்னார். இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மிஸ் பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவந்து நின்றார். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"வளைவுல பாத்து மெதுவாப் போங்க. உள்ள எங்க ரோஸி இருக்கா."

பஸ் கிளம்பியது. சாரல் உள்ளே அடிக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று பக்கத்து சீட்டு அம்மா இரண்டு தடவை சொன்னார். வளைவு திரும்பி அந்தச் சாக்கு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சாத்தினேன்.